அலுவலக ஐபி போன்களுக்கு 802.1எக்ஸ் நுழைவுச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

802.1எக்ஸ் என்பது, கேபிளில் செருகப்படும் கருவி யார் என்று சோதித்த பிறகே அதை நெட்வொர்க்குக்குள் விடும் தரநிலை. சிஸ்கோ ஐபி போன், சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் ஸ்விட்ச், அனுமதி முடிவு சொல்லும் ஃப்ரீரேடியஸ் சர்வர் ஆகிய மூன்றையும் வைத்து வேலை பார்க்கும் நெட்வொர்க் நிர்வாகிகளுக்காக இதை எழுதுகிறேன். வேறு கருவிகள் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். கணினிக்குச் செய்ததையே போனுக்கும் செய்தால் போதும் என்று இறங்குபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். போன் தனக்கு மட்டும் வழி கேட்பதில்லை. தன் முதுகுக்குப் பின்னால் ஒரு கணினிக்கும் வழி விடுகிறது. தவிர, மாடியில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸை அழைக்கப் பலர் முதலில் எட்டுவது மேசைமேல் இருக்கும் இந்தப் போனைத்தான். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் ஒட்டியவை.

கணினிகளுக்கு 802.1எக்ஸ் போட்டாகிவிட்டது. போன்களை விலக்கி வைத்தால் என்ன?

கட்டிடத்தில் யார் வேண்டுமானாலும் கைவைக்கக்கூடிய கருவி எது என்று பாருங்கள். வரவேற்பறையில், உணவகச் சுவரில், கூட்ட அறையில், லிஃப்ட் அருகில் எல்லாம் போன்தான் இருக்கிறது. அதன் கேபிளை உருவி மடிக்கணினியில் செருகப் பத்து வினாடி போதும். போன்களுக்கு விலக்கு என்றால், பூட்டிய வீட்டில் அந்தக் கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

பழைய அமைப்புகளில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரே ஒரு கருவிக்கு அனுமதி என்ற பயன்முறையில், சிஸ்கோ ஸ்விட்ச்கள் சிடிபி (சிஸ்கோ கருவிகள் தங்களை ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துகொள்ளும் முறை) வழியாக ‘நான் ஒரு போன்’ என்று சொன்ன எதையும் சோதனை இல்லாமல் குரல் வீலானுக்குள் (போன் பேச்சுக்கென ஒதுக்கிய தனி நெட்வொர்க் பகுதி) விட்டன. சிடிபி செய்தியில் ரகசியம் எதுவும் இல்லை. மென்பொருளால் அதைப் போலியாக உருவாக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ அமைத்துவிட்டுப் போன ஸ்விட்ச் உங்களிடம் இருந்தால், முதலில் இதைச் சரிபாருங்கள்.

சோதனை உள்ளே எப்படி நடக்கிறது?

மூன்று பேர். உள்ளே வர விரும்பும் போன், வாசலில் நிற்கும் ஸ்விட்ச், முடிவு சொல்லும் ரேடியஸ் சர்வர். ஸ்விட்ச் முடிவெடுப்பதில்லை. போன் பேசுவதைச் சர்வரிடம் கொண்டுபோய், சர்வர் சொல்வதைப் போனிடம் கொண்டுவருகிறது. அனுமதி கிடைக்கும்வரை அந்தப் போர்ட்டில் ஈஏபிஓஎல் எனப்படும் சோதனைச் செய்திகளுக்கும், சிடிபி போன்ற ஓரிரண்டு கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கும் மட்டுமே இடம். போன் டிஹெச்சிபி வழியாகத் தனக்கு ஐபி முகவரி கேட்டாலும் பதில் வராது. ஸ்விட்ச்சும் சர்வரும் யூடிபி போர்ட் எண் 1812-இல் பேசுகின்றன. யார் எப்போது வந்தார், போனார் என்ற கணக்குப் பதிவு 1813-இல். பழைய ஸ்விட்ச்கள் சில 1645, 1646 என்ற எண்களையே இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. ‘சர்வர் பதிலே சொல்லவில்லை’ என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சர்வர் அனுமதி கொடுத்துவிட்டது என்று பதிவில் இருக்கிறது. ஆனால் போன் வேலை செய்யவில்லை. ஏன்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. பதில் பெரும்பாலும் ஒன்றேதான்.

ஒரு போர்ட்டில் போனும் கணினியும் சேர்ந்து வருவதால், ஸ்விட்ச் அந்தப் போர்ட்டை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. ஒன்று குரலுக்கு, ஒன்று தரவுக்கு. கேட்டலிஸ்ட்டில் இதற்கு மல்ட்டி டொமைன் என்று பெயர். குரல் அறையில் ஒருவர், தரவு அறையில் ஒருவர். வந்தவர் எந்த அறைக்கு உரியவர் என்பதைச் சர்வர்தான் சொல்ல வேண்டும். அனுமதிச் செய்தியோடு ‘டிவைஸ் டிராஃபிக் கிளாஸ் = வாய்ஸ்’ என்ற சிஸ்கோ பண்பையும் அனுப்பினால்தான் போன் குரல் அறைக்குப் போகும். அனுப்பாவிட்டால் ஸ்விட்ச் அதைச் சாதாரணக் கணினி என்று எண்ணித் தரவு அறையில் உட்கார வைத்துவிடும். போன் தன் பேச்சைக் குரல் வீலானின் முத்திரையோடு அனுப்பும். அந்த அறையில் அதற்கு அனுமதி இல்லாததால் ஸ்விட்ச் எல்லாவற்றையும் கீழே போடும்.

மேசை முன் நின்று பார்த்தால் காட்சி இப்படி இருக்கும். சர்வர் பதிவில் அனுமதி என்று தெளிவாக இருக்கிறது. போனின் திரையோ பதிவு செய்துகொண்டிருக்கிறேன் என்ற வாசகத்திலேயே நிற்கிறது. காலை ஒன்பதரைக்கு ஊழியர் வந்து கணினியை இயக்குகிறார். அதுவும் தரவு அறைக்குள் வருகிறது. ஏற்கெனவே ஒருவர் இருக்கும் அறையில் இரண்டாவது ஆள். ஸ்விட்ச் அதை அத்துமீறலாக எடுத்துக்கொண்டு போர்ட்டையே மூடிவிடுகிறது. இப்போது போனும் இல்லை, கணினியும் இல்லை. ‘கணினியைப் போட்டதும் எல்லாம் போய்விட்டது’ என்று ஊழியர் சொல்வார். அவர் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் கோளாறு கணினியில் இல்லை.

இரண்டு திருத்தங்கள் தேவை. போன்களுக்கான ரேடியஸ் விதியில் அந்தப் பண்பைச் சேருங்கள். அத்துமீறல் வந்தால் போர்ட்டை மூடு என்ற இயல்பான அமைப்பை, அத்துமீறியவரை மட்டும் தடு என்று மாற்றுங்கள். ஒரு தவறுக்காக மேசை முழுவதும் இருளக் கூடாது.

ஹெச்பி, அரூபா ஸ்விட்ச்களுக்கு இந்தச் சிஸ்கோ பண்பு புரியாமல் போகலாம். பழைய புரோகர்வ் வரிசையிலிருந்தே அவை ஈக்ரெஸ் வீலான் ஐடி என்ற பொதுப் பண்பை ஏற்கின்றன. அதை எழுதும் முறை பலரைக் குழப்புகிறது. பதினாறடிமான எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 31 என்றால் முத்திரையோடு, 32 என்றால் முத்திரை இல்லாமல். கடைசி மூன்று இலக்கம் வீலான் எண். குரல் வீலான் 100 என்றால் 31000064. அதைச் சாதாரண எண்ணாக எழுதினால் 822083684. இந்த ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டு இரண்டு நாள் ஸ்விட்ச்சைக் குறை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போனுக்குப் பின்னால் இருக்கும் கணினியைக் கழற்றினால் ஸ்விட்ச்சுக்கு எப்படித் தெரியும்?

தானாகத் தெரியாது. ஸ்விட்ச்சின் கண்ணுக்குப் போனோடு உள்ள இணைப்பு மட்டும்தான் படும். கணினி போனாலும் அந்தப் போர்ட்டின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். போனவரின் அனுமதியை வேறொருவர் பயன்படுத்திக்கொள்ள இது வழிவிடும்.

இதற்கு மூன்று மருந்து உண்டு. கணினி கழன்றதும் போனே அதன் சார்பில் வெளியேறுகிறேன் என்ற செய்தியை அனுப்பலாம். பல நிறுவனங்களின் போன்களில் இந்த வசதி இருக்கிறது; சிலவற்றில் நீங்கள்தான் இயக்க வேண்டும். சிஸ்கோ போனும் சிஸ்கோ ஸ்விட்ச்சும் சேர்ந்திருந்தால், இரண்டாவது போர்ட் கழன்றது என்று போன் சிடிபியில் சொல்லிவிடும். இதுதான் மிகச் சுத்தமான வழி. இரண்டும் இல்லாத இடத்தில், இவ்வளவு நேரம் அசைவில்லை என்றால் அனுமதியை நீக்கு என்று ஸ்விட்ச்சில் நேரக் கெடு வையுங்கள். கெடுவை மிகக் குறைவாக வைத்தால் இரவில் அமைதியாக இருக்கும் அச்சுப்பொறியும் வெளியேற்றப்படும்.

இதோடு சேர்ந்த ஒன்று. கணினியின் சோதனைச் செய்திகளைப் போன் தடுக்காமல் கடத்த வேண்டும். அந்தச் செய்திகள் போகும் விசேஷ முகவரியைச் சாதாரண ஸ்விட்ச்கள் தரநிலைப்படியே கடத்துவதில்லை. ஊழியர் தம் மேசையில் தாமாக வாங்கி வைத்த ஐந்து போர்ட் ஸ்விட்ச் பின்னால் கணினி சோதனையில் தோற்பது இதனால்தான்.

ஈஏபி-எம்டி5, பீப், டிஎல்எஸ் என்று போனின் மெனுவில் பல சோதனை முறைகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

டிஎல்எஸ். அதில் போனும் சர்வரும் சான்றிதழ் காட்டித் தங்களை நிரூபிக்கின்றன. போன் அதை ஏற்கும் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

எம்டி5 அமைக்க எளிது என்பதால் பலர் அதில் விழுகிறார்கள். அதில் போன் தன்னை நிரூபிக்கிறது. சர்வர் தன்னை நிரூபிப்பதில்லை. கேபிளில் காது வைத்தவர் கேள்வியையும் பதிலையும் பிடித்து வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். சர்வரிலும் கடவுச்சொல் அப்படியே படிக்கும் நிலையில் இருந்தாக வேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலேயே மைக்ரோசாஃப்ட் இதை நீக்கிவிட்டது. நடைமுறையில் இன்னும் மோசம்: நானூறு போன்களுக்கு நானூறு கடவுச்சொல் யாரும் வைப்பதில்லை. ஒன்றுதான் வைப்பார்கள். கட்டிடத்தை விட்டுப் போன ஒரு பழைய போன் போதும், எல்லாப் போர்ட்டின் சாவியும் வெளியே போய்விடும்.

சர்வரின் சான்றிதழைக் கொண்டு மறைத்த வழிக்குள் கடவுச்சொல்லைச் சோதிக்கும் பீப் நடுவில் நிற்கிறது. போன் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும்படி அமைத்தால் பரவாயில்லை. அந்தக் கட்டத்தை டிக் செய்ய மறந்தால் எம்டி5-ஐவிடச் சிறிதளவே மேல்.

எம்ஐசி, எல்எஸ்சி என்று இரண்டு சான்றிதழ் சொல்கிறார்கள். எது போதும்?

எம்ஐசி என்பது தொழிற்சாலையிலேயே போனுக்குள் வைக்கப்பட்டது. சான்றிதழின் பெயரிலேயே மாடலும், ‘எஸ்இபி’ என்ற எழுத்துகளைத் தொடர்ந்து மேக் முகவரியும் (நெட்வொர்க் கருவியின் தனி அடையாள எண்) இருக்கும். எல்எஸ்சி உங்கள் அலுவலகத்தின் அழைப்பு மேலாண்மை சர்வரில் உள்ள சிஏபிஎஃப் என்ற பகுதி போனுக்கு வழங்குவது.

இரண்டும் சொல்லும் செய்தி வேறு. இது சிஸ்கோ செய்த போன் என்று எம்ஐசி சொல்கிறது. இது எங்கள் போன் என்று எல்எஸ்சி சொல்கிறது. எம்ஐசியை மட்டும் நம்பி ரேடியஸ் விதி எழுதினால், சந்தையில் பழைய சிஸ்கோ போன் ஒன்றை வாங்கி வந்த யாரும் உங்கள் குரல் வீலானுக்குள் நுழையலாம். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இந்தத் தவறைச் செய்யாத இடங்களை எண்ணிச் சொல்லிவிடலாம். எம்ஐசி முதல் நாள் அறிமுகத்துக்கு மட்டும். எல்எஸ்சி கிடைத்த பிறகு அதுதான் நுழைவுச் சீட்டு. எல்எஸ்சிக்கு இன்னும் மாறவில்லை என்றால், குறைந்தபட்சம் சான்றிதழின் பெயரில் உள்ள மேக் முகவரியை உங்கள் சொத்துப் பட்டியலோடு ஒப்பிடும்படி விதி எழுதுங்கள்.

சான்றிதழ் இல்லாத போன் உள்ளே வர முடியாது. உள்ளே வராமல் சான்றிதழ் வாங்க முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

இந்த முடிச்சை அவிழ்க்க நான் விரும்பும் முறை, தொழில்நுட்ப அறையில் சோதனை இல்லாத இரண்டு போர்ட் வைத்திருப்பது. புதுப் போனை அங்கே இணைத்து, பதிவு செய்து, எல்எஸ்சி இறங்கியதைக் கண்ணால் பார்த்து, 802.1எக்ஸ் இயக்கிய பிறகுதான் மேசைக்கு அனுப்ப வேண்டும். அறைக்குப் பூட்டு இருக்க வேண்டும். மாதம் ஐந்து போன் வரும் அலுவலகத்துக்கு இது போதும்.

ஒரே வாரத்தில் முந்நூறு போன் வந்தால் இது நடக்காது. அப்போது எம்ஐசியால் வரும் போனுக்கு ஒரு குறுகிய அனுமதி கொடுங்கள்: டிஹெச்சிபி, டிஎன்எஸ், போனின் அமைப்புக் கோப்பு தரும் டிஎஃப்டிபி சர்வர், சிஏபிஎஃப்புக்கான டிசிபி 3804. அவ்வளவுதான். எல்எஸ்சி வாங்கிக்கொண்டு திரும்ப வந்தால் முழு அனுமதி.

வரிசையை மட்டும் தலைகீழாக்காதீர்கள். முதலில் போனில் இயக்குங்கள், பிறகு ஸ்விட்ச்சில். போன் கேட்டு ஸ்விட்ச் பதில் சொல்லாவிட்டால், தரநிலையின்படி போன் சில முறை கேட்டுப் பார்த்துவிட்டு, இங்கே சோதனை இல்லை என்று வேலையைத் தொடங்கும். ஸ்விட்ச் கேட்டுப் போன் பதில் சொல்லாவிட்டால் அந்த மேசைக்குத் தொலைபேசி இல்லை.

802.1எக்ஸ் தெரியாத பழைய கருவிகளுக்கு மேக் முகவரி வழி கொடுக்கலாமா?

வேறு வழி இல்லாதபோது மட்டும். எம்ஏபி எனப்படும் இந்த முறையில் மேக் முகவரியே பெயர், அதுவே கடவுச்சொல். அந்த முகவரி போனின் அடிப்பக்கத்து ஒட்டுச்சீட்டில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. போனைக் கவிழ்த்துப் பார்த்தவர் அதைத் தம் மடிக்கணினிக்குச் சூட்டிக்கொள்ளலாம். எனவே எம்ஏபி வழியாக வரும் கருவிக்கு அழைப்பு சர்வரையும் அழைப்புக்குத் தேவையான போர்ட் எண்களையும் தவிர வேறு எதுவும் எட்டாதபடி பட்டியல் போடுங்கள்.

நேரக் கணக்கும் உண்டு. கேட்டலிஸ்ட் 30 வினாடிக்கு ஒரு முறை என மூன்று முறை 802.1எக்ஸ் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எம்ஏபிக்கு இறங்கும். அதாவது 90 வினாடி. அதற்குள் சில கருவிகள் முகவரி கிடைக்கவில்லை என்று சோர்ந்து உட்கார்ந்துவிடும். அந்த 30-ஐ 10 ஆக்கினால் மொத்தம் 30 வினாடியில் முடியும். அதற்கும் கீழே போனால், மெதுவாக விழிக்கும் நல்ல போன்களும் எம்ஏபிக்குத் தள்ளப்படும்.

2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்-ரேடியஸ் குறைபாடு இங்கேதான் உறைக்கிறது. ஸ்விட்ச்சுக்கும் சர்வருக்கும் நடுவில் அமர முடிந்தவர், மறுப்பை அனுமதியாக மாற்ற அது வழிவிட்டது. ஈஏபி செய்திகளில் மெசேஜ் ஆதென்டிகேட்டர் என்ற முத்திரை கட்டாயம் என்பதால் அவை தப்பின. எம்ஏபிக்கு அந்தக் காப்பு இயல்பாக இல்லை. ஃப்ரீரேடியஸையும் ஸ்விட்ச் மென்பொருளையும் புதுப்பித்து, அந்த முத்திரை இல்லாத செய்தியை ஏற்காதே என்று இரு பக்கமும் அமையுங்கள்.

டிஎல்எஸ் சோதனை பாதியில் நின்றுவிடுகிறது. தோல்வி என்றும் வருவதில்லை. எங்கே பார்ப்பது?

சர்வர் பதிவில் தொடக்கம் இருந்து, முடிவு இல்லாமல் இருந்தால், நடுவில் உள்ள ஃபயர்வாலையோ கிளை அலுவலகத்துக்கான இணைப்பையோ சந்தேகியுங்கள். சான்றிதழ்கள் பெரியவை. அவற்றைச் சுமந்த யூடிபி பொட்டலம் துண்டாகிப் போகும்போது, துண்டுகளை வீசியெறியும் ஃபயர்வால்கள் பல உண்டு. எம்ஏபி மட்டும் ஓடி டிஎல்எஸ் ஓடாத கிளை என்றால் கிட்டத்தட்ட இதுதான். பொட்டலத்தின் அளவு வரம்பைச் சொல்லும் ஃப்ரேம்டு எம்டியு மதிப்பை 1344 அல்லது அதற்குக் கீழே வைத்துப் பாருங்கள்; சர்வர் சிறு சிறு துண்டாகப் பேசத் தொடங்கும்.

தலைமையகத்தில் எல்லாம் ஓடி, ஒரு கிளையில் மட்டும் ஓடாதபோது போன்களை மாற்றிக்கொண்டே இருந்து ஒரு வாரம் வீணாக்கினேன். வழியில் இருந்த ஒரு ஃபயர்வாலில் துண்டுகளை அனுமதித்ததும் பத்து நிமிடத்தில் அத்தனை போன்களும் எழுந்தன.

கடிகாரம் தவறினால் சான்றிதழ் செல்லாது என்கிறார்களே?

செல்லாதுதான். சர்வரின் நேரத்தை என்டிபியோடு (நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் தரும் சேவை) கட்டிவையுங்கள். போன் பக்கத்தில் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும் மாடலாக இருந்தால் ஒரு பொறி இருக்கிறது: உள்ளே வருவதற்கு முன் அது நேரம் கேட்க முடியாது. நெடுநாள் அலமாரியில் கிடந்த போனை இதற்காகவே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

ரேடியஸ் சர்வர் செத்துப்போனால் எல்லாப் போனும் ஊமையாகிவிடுமா?

நீங்கள் ஏற்பாடு செய்யாவிட்டால் ஆகும். இந்தக் கேள்விக்கு விடை எழுதி, சோதித்துப் பார்க்காமல் ஒரு மாடியில்கூட இதை இயக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கேட்டலிஸ்ட்டில் சர்வர் எட்டாதபோது குரலுக்கு மட்டும் அனுமதி கொடு என்ற தனி வரி உண்டு. தரவுக்கான அதே போன்ற வரியை எழுதிவிட்டு, குரலுக்கும் சேர்த்து எழுதிவிட்டோம் என்று நினைப்பது பொதுவான தவறு. இரண்டும் தனித்தனி. சர்வர் இல்லாத அரை மணி நேரத்தில் அந்நியர் ஒருவர் குரல் வீலானுக்குள் வந்துவிடக்கூடிய அபாயத்தையும், அதே அரை மணி நேரத்தில் நெஞ்சுவலி வந்தவருக்காக யாரும் அழைக்க முடியாத அபாயத்தையும் எடைபோட்டால் எனக்குத் தயக்கமே இல்லை. குரல் திறந்தே இருக்கட்டும்.

அடுத்தது, இரண்டாவது சர்வருக்கு மாறும் நேரம். இயல்பான அமைப்பில் ஸ்விட்ச் ஒரு சர்வரை 5 வினாடி காத்து நான்கு முறை கேட்கும். 20 வினாடி ஆன பிறகே அடுத்ததிடம் போகும். ஒவ்வொரு போனுக்கும் இப்படி நிற்காமல், செத்த சர்வரைச் சில நிமிடம் மறந்திரு என்ற நேரத்தையும் அமையுங்கள்.

மின்சாரம் போய் வந்தால் நடப்பதையும் முன்கூட்டியே பாருங்கள். போன்களுக்கு மின்சாரம் ஸ்விட்ச் வழியாகவே வருவதால், ஸ்விட்ச் எழுந்ததும் அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் சர்வர் கதவைத் தட்டும். சர்வர் அறையின் யுபிஎஸ் ஓய்ந்து, சர்வரும் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒரு சனிக்கிழமை மாலை, ஆள் இல்லாத நேரத்தில், மின்சாரத்தை உண்மையிலேயே நிறுத்திப் போட்டுப் பாருங்கள்.

ஒரே இரவில் மாற்றலாமா?

வேண்டாம். முதலில் கண்காணிப்பு நிலையில் ஓட விடுங்கள்: சோதனை நடக்கும், முடிவு பதிவாகும், ஆனால் தோற்றவருக்கும் தடை இல்லை. கேட்டலிஸ்ட்டில் அதற்கு ஆதென்டிகேஷன் ஓப்பன் என்ற ஒரே வரி. ஒரு மாதக் கடைசியும் கணக்கு முடிப்பும் அதற்குள் வந்துபோகட்டும். அப்போதுதான் எப்போதாவது விழிக்கும் கருவிகள் வெளியே தெரியும்.

பட்டியலை நம்பாமல் மாடி மாடியாக நடந்து பாருங்கள். கதவு மணி போன், தொலைநகலுக்கான மாற்றி, கூட்ட அறையின் மேசை நடுவில் உள்ள ஒலிவாங்கி, காவலர் அறையில் யாரோ மாட்டிய பழைய போன் என்று பட்டியலில் இல்லாதவை கண்ணில் படும். காவலர் அறைப் போனைக் கடைசியாக மாற்றுங்கள். மாற்றியதும் அங்கேயே நின்று ஒரு அழைப்பு செய்து பாருங்கள்.

இதைச் செய்தால் பேச்சு ஒட்டுக்கேட்கப்படாதா?

அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 802.1எக்ஸ் வாசலில் நிற்கிறது. உள்ளே போகும் பேச்சை அது மறைப்பதில்லை. பேச்சை மறைக்க எஸ்ஆர்டிபி, அழைப்புச் செய்திகளை மறைக்க டிஎல்எஸ் ஆகியவற்றைத் தனியே இயக்க வேண்டும்.

எல்எஸ்சி எப்போது காலாவதியாகும்? போனை விற்கும்போது என்ன செய்வது?

சிஏபிஎஃப் வழங்கும் எல்எஸ்சிக்கு இயல்பான ஆயுள் 5 ஆண்டு. எல்லாப் போனுக்கும் ஒரே வாரத்தில் கொடுத்திருந்தால் எல்லாம் ஒரே வாரத்தில் சாகும். செத்த சான்றிதழோடு உள்ளே வர முடியாது. வராமல் புதியது வாங்க முடியாது. பழைய முடிச்சு, இந்த முறை கட்டிடம் முழுவதும். நான்காம் ஆண்டிலேயே மாடி வாரியாகப் புதுப்பிக்கத் தொடங்கி, தேதியை உங்கள் பெயரில் அல்லாமல் துறையின் பொது நாட்காட்டியில் எழுதுங்கள். அந்தத் தேதி வரும்போது அதே நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள் என்று உறுதியில்லை.

போன் பழுதுக்கோ விற்பனைக்கோ வெளியேறும் நாளில், மேக் முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கி, அழைப்பு மேலாண்மையிலிருந்து அந்தப் போனை எடுத்துவிட்டு, அந்தச் சான்றிதழை ரேடியஸ் ஏற்காதபடி தடைப் பட்டியலில் சேருங்கள். பிறகு அதே போனைத் தொழில்நுட்ப அறைக்கு வெளியே உள்ள ஏதாவது ஒரு சாதாரண போர்ட்டில் செருகி, மறுப்பு என்று சர்வர் பதிவில் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.